ஹாலை கேன்சல் பண்ணிட்டு கோயில் சுவர் பக்கம் வாங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், உள்ளூர் வரலாறு நடத்துற ஆசிரியர்களுக்கான பயிற்சி. போயிட்டு வந்தவங்க புலம்பல், நடத்தச் சொல்லி மாட்டிக்கிட்டவங்க பயம், ரெண்டும் கலந்து வந்திருக்கு. அதனால வேற கேள்விங்கள அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சார், நான் அரசு உயர்நிலைப்பள்ளியில சமூக அறிவியல் டீச்சர். போன வருஷம் உள்ளூர் வரலாறுன்னு ரெண்டு நாள் பயிற்சி போட்டாங்க. ஹால், பிபிடி, நடுவுல டீ சுண்டல், கடைசில ஃபீட்பேக் ஃபார்ம், குரூப் போட்டோ. திரும்பி வந்து கிளாஸ்ல சொல்ல ஒரு வரி கூட இல்ல. இப்ப எங்க குறுவள மையத்துல (பக்கத்துப் பள்ளிங்கள சேத்து பயிற்சி நடத்துற இடம்) அதே தலைப்புல என்னையே ஒரு நாள் நடத்தச் சொல்றாங்க, நான் எங்கருந்து ஆரம்பிக்கிறது?
பட்டதாரி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: முதல்ல ஹாலை கேன்சல் பண்ணுங்க டீச்சர். விழுப்புரம் மாவட்டத்துல இருந்துக்கிட்டு நாலு சுவத்துக்குள்ள உக்காந்து வரலாறு பேசுறது அநியாயம். உங்க பக்கத்துல எண்ணாயிரம்னு ஒரு ஊர் இருக்கு, அங்க நரசிம்மப் பெருமாள் கோயில்ல ராஜேந்திர சோழன் காலத்து கல்வெட்டு இருக்கு, அது ஒரு கல்லூரியப் பத்தின கல்வெட்டு. 340 மாணவர், 14 ஆசிரியர். அந்த 340ல 270 பேர் ஜூனியர், 70 பேர் சீனியர். எந்தப் பாடத்துக்கு எத்தனை பேரு, யாருக்கு எவ்வளவு நெல்லுன்னு கணக்கு வெட்டி வச்சிருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின நம்ம ஆளுங்களோட சம்பளப் பட்டியல், வாத்தியாருங்களுக்கு இத விட பொருத்தமான இடம் எங்க கிடைக்கும் சொல்லுங்க.

மண்டகப்பட்டும் பக்கம்தான், மகேந்திரவர்மன் செங்கல் மரம் உலோகம் சுண்ணாம்பு இல்லாம கோயில் எடுத்தேன்னு சொல்ற அந்த குகை. பாக்க அருமையா இருக்கும், ஆனா அது சமஸ்கிருதம், பல்லவ கிரந்தம்னு அத எழுதுன பழைய எழுத்து, முதல் நாளே அத காட்டினா ஆளுங்க மிரண்டு போயிடுவாங்க. சோழர் காலத்து தமிழ் எழுத்துன்னா அப்படி இல்ல. 10, 11ம் நூற்றாண்டு எழுத்த தமிழ் படிக்கத் தெரிஞ்ச யாரும் கொஞ்ச நேரம் முறைச்சுப் பாத்தா பாதிக்குப் பாதி புடிச்சிரலாம். முன்கூட்டியே சில விஷயம் மட்டும் சொல்லிக் குடுத்துருங்க. புள்ளி வைக்க மாட்டாங்க, அதனால க-வா க்-கான்னு நாமதான் முடிவு பண்ணணும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான், தெவர்னு இருந்தா தேவர்னு படிச்சுக்கணும். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளியும் கிடையாது, கல்லு முடியிற இடத்துல வரி முடிஞ்சு வார்த்தை அடுத்த வரிக்குப் போயிரும். இதுக்கு நடுவுல கிரந்த எழுத்து வரும், ஸ்வஸ்திஸ்ரீ மாதிரி, அத ஒரு சின்ன சார்ட்டா குடுங்க போதும்.

நீங்க மட்டும் சில நாள் முன்னாடியே போயி பாத்துட்டு வந்துருங்க. எந்த சுவர்ல எந்த வரி நல்லா தெரியுது, வெயில் எப்ப சாய்வா விழுது (காலைல இல்லனா சாயங்காலம், உச்சி வெயில்ல எழுத்தே காணாமப் போயிரும்), கோயில் நிர்வாகத்துல யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும், பக்கத்துல லேடீஸ் டீச்சர்ஸுக்கு டாய்லெட் எங்க இருக்கு. கடைசில சொன்னத சிரிக்காதீங்க, பாதி களப்பயணம் கெட்டுப் போறது இதனாலதான், ஏற்பாடு பண்ற ஆம்பளைங்களுக்கு இது ஞாபகமே வராது. அப்புறம் அந்தக் கல்வெட்டு ஏற்கனவே அச்சுல வந்திருக்கான்னு தேடுங்க. இந்தியத் தொல்லியல் துறையோட தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள், தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியீடுகள், ரெண்டுலயும் பாருங்க. கிடைச்சா ஜெராக்ஸ் எடுத்து பையில வச்சுக்கோங்க, ஆனா காட்டாதீங்க. அஞ்சஞ்சு பேரா பிரிச்சு ஆளுக்கு ரெண்டு வரி குடுத்து தானே படிச்சு எழுதச் சொல்லிட்டு, எழுதி முடிச்சப்புறம்தான் ஜெராக்ஸ வெளிய எடுக்கணும். தான் தப்பா படிச்ச இடமும் சரியா படிச்ச இடமும் அப்ப தெரியும் பாருங்க, ரெண்டு நாள் பிபிடில வராத சூடு அங்க வரும்.

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு கேள்விய போடுங்க: இந்த 340 பேர்ல யார் இல்ல? அங்க சொல்லிக்குடுத்தது பெரும்பாலும் வேதம், வியாகரணம் (இலக்கணம்), மீமாம்சை (வேதச் சடங்குக்கு விளக்கம்), வேதாந்தம். அப்ப அந்த ஊர்ல ஏர் ஓட்டுனவன் புள்ள எங்க இருந்தான், பொண்ணுங்க எங்க, அவங்களுக்கு எது பள்ளிக்கூடம், நெல்லு யாரு வயல்லருந்து வந்துச்சு. இத பேசாம வெறும் அந்தக் காலத்துலயே நம்ம ஊர்ல யுனிவர்சிட்டி இருந்துச்சுன்னு பெருமையோட முடிச்சீங்கன்னா அது வரலாறு இல்ல, விளம்பரம். சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் தன்னோட ஸ்கூல் இருக்குற ஊருக்கு ஒரு பக்கம், ஒரே ஒரு பீரியடுக்கான பாடக் குறிப்பு எழுதி குடுத்துட்டுத்தான் பஸ் ஏறணும்னு சொல்லிருங்க. ஃபீட்பேக் ஃபார்ம் வேணாம்.

கேள்வி: கல்வெட்டு தெரியலன்னா மைதா மாவு தடவி போட்டோ எடுக்கலாம்னு ஒரு பயிற்சில சொன்னாங்க. சரியா?
ஆசிரியர், புதுக்கோட்டை

பதில்: வேணாம். மாவு, சாக்பீஸ், எண்ணெய், பெயிண்ட் எதுவும் வேணாம். மாவு கல்லோட நுணுக்கமான இடுக்குல தங்கிரும், எறும்பு வரும், பூஞ்சை வரும். ராத்திரி இல்லனா நிழல்ல ஒரு டார்ச்ச கல்லுக்கு பக்கவாட்டுல, சுவத்த ஒட்டின மாதிரி புடிச்சுக்கிட்டு செல்போன்ல படம் எடுங்க, பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து தானா எழும்பி நிக்கும். மைப்படி எடுக்குறது, அதாவது ஈரத்தாள கல்லுல ஒட்டி பிரஷ்ஷால தட்டி உள்ள இறக்கிட்டு மேல மை ஒத்துறது, அது தெரிஞ்சவங்க செய்ய வேண்டிய வேலை. பயிற்சில ஒரு டெமோ பாக்குறது நல்லது, அதுக்காக மறுநாள் நீங்களே மையும் தாளும் தூக்கிட்டு போகாதீங்க. புதுக்கோட்டைக்காரருக்கு குடுமியான்மலையே பக்கத்துல இருக்கு, அந்த இசைக் கல்வெட்டுக்கு எதிர்ல நின்னுக்கிட்டு மாவு பாக்கெட்ட பிரிக்க மனசு வருமா?

கேள்வி: எல்லா பயிற்சியிலயும் சோழர் பாண்டியர் பல்லவர்தான். எங்க ஊர்ல பழைய கோயில் கிடையாது, கல்வெட்டு கிடையாது. மேட்டூர் டேம் கட்டுனப்ப முழுகின ஊர்லருந்து வந்து குடியேறின ஊரு எங்களது. எங்களுக்கு என்ன உள்ளூர் வரலாறு இருக்குன்னு நான் வொர்க்‌ஷாப்புக்கு போகணும்?
இடைநிலை ஆசிரியர், சேலம் மாவட்டம்

பதில்: தம்பி, இந்த மாசம் வந்ததுலயே எனக்கு புடிச்ச கேள்வி உங்களோடதுதான், அந்த ஏக்கம் மட்டும் தேவையில்லாதது. கல்வெட்டு இருக்குற ஊர்ல ராஜா பேசுவாரு, உங்க ஊர்ல ஜனங்க பேசுவாங்க. மேட்டூர் அணை வேலை 1925ல ஆரம்பிச்சு 1934ல முடிஞ்சுது. தண்ணி இறங்குற வருஷம் பண்ணவாடி பக்கம் நந்தி சிலையும் பழைய சர்ச் கோபுரமும் வெளிய தெரியும், டிவிக்காரங்க எல்லாம் வந்து படம் புடிப்பாங்க, நாம வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணிட்டு மறந்துருவோம். அந்த நந்திக்கு முன்னாடி நின்னு சாமி கும்பிட்டவங்க பேரப்புள்ளைங்க உங்க கிளாஸ்ல உக்காந்திருக்காங்க.

உங்க மாதிரி ஊருக்கு பயிற்சின்னா அது வாய்மொழி வரலாறு சேகரிக்கிற பயிற்சியா இருக்கணும். அதுக்கு முன்னோடி இல்லாம இல்ல. 1916ல சென்னைப் பல்கலைக்கழகத்து பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்கள்கிட்ட கேள்வித்தாள குடுத்து லீவுக்கு ஊருக்குப் போறப்ப உங்க ஊரப் பத்தியே எழுதிட்டு வாங்கன்னு அனுப்புனாரு. எத்தனை வீடு, எத்தனை கிணறு, கடன் யாருகிட்ட, கூலி எவ்வளவு, இப்படி. அதுலருந்து வந்த புஸ்தகம் 1918ல அச்சாச்சு. இருவேல்பட்டு, துசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான்னு அந்த ஊர்களுக்கு அதுக்கப்புறமும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப போயி என்ன மாறிருக்குன்னு பாத்திருக்காங்க. ராஜா பேரே இல்லாத வரலாறு, ஆனா படிச்சா கண்ண எடுக்க முடியாது.

பயிற்சியில ரெண்டு ரெண்டு பேரா ஒரு பெரியவர்கிட்ட உக்காரணும், ஒருத்தர் கேக்கணும் ஒருத்தர் எழுதணும். உங்க பழைய ஊர் எப்படி இருந்துச்சுன்னு பொதுவா கேட்டா நல்லா இருந்துச்சுப்பான்னு முடிஞ்சுரும். சின்னதா கேளுங்க. குடிதண்ணி எங்கருந்து வந்துச்சு, அந்தக் கிணத்துல யாரெல்லாம் இறைக்கலாம் யாரு இறைக்கக் கூடாது, சாமிய தூக்கிட்டு வந்தீங்களா விட்டுட்டு வந்தீங்களா, பணம் குடுத்தாங்களா நிலம் குடுத்தாங்களா. வருஷம் கேட்டு தொல்லை பண்ணாதீங்க, அவங்களுக்கு வருஷம் நம்பர்ல இருக்காது, பெரிய மகளுக்கு காது குத்துனப்ப, அந்தப் பஞ்சத்துக்கு அப்புறம், இப்படித்தான் வரும், நீங்க பின்னாடி உக்காந்து பொருத்திக்கணும். 1934ஐ கண்ணால பாத்தவங்க இன்னைக்கு கிடைக்கிறது கஷ்டம், அதனால உங்களுக்கு வர்றது பெரும்பாலும் அப்பா சொன்னது, ஆத்தா சொன்னதாத்தான் இருக்கும், அப்படின்னு நோட்டுல தெளிவா எழுதிருங்க. பாட்டிங்கள தனியா கேளுங்க, தாத்தா பக்கத்துல இருந்தா அவங்க வாய தொறக்க மாட்டாங்க. ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

அப்புறம் உங்க ஸ்கூல் பீரோ. பழைய சேர்க்கைப் பதிவேட்ட எடுத்துப் பாருங்க, எந்த வருஷத்துலருந்து எந்தத் தெரு புள்ளைங்க வர ஆரம்பிச்சாங்க, பொண்ணுங்க எண்ணிக்கை எப்ப ஏறுச்சு, அப்பா தொழில்ங்கிற கட்டத்துல என்ன எழுதிருக்கு. அதுல ஜாதியும் இருக்கும் பேரும் இருக்கும், அதனால போட்டோ எடுத்து குரூப்ல போடாதீங்க, எண்ணிக்கை மட்டும் எடுத்துக்கோங்க. இதே மாதிரி விஏஓ ஆபீஸ்ல அ பதிவேடு (ஊர் நிலங்களோட கணக்கு), புலப்படம் (நிலத்தோட அளவு வரைபடம்). சர்வே நம்பருக்குப் பக்கத்துல ஓடை, குட்டைன்னு எழுதிருக்கும், இன்னைக்கு அங்க கல்யாண மண்டபம் இருக்கும்.

கேள்வி: பசங்க பழைய காசு, பானை ஓடு, ஒருத்தன் மண்ணுல புதைஞ்சிருந்த சின்ன சிலைன்னு கொண்டு வர்றாங்க. பயிற்சில ஸ்கூல் மியூசியம் வைங்கன்னு சொன்னாங்க, வச்சுக்கலாமா?
முதுகலை ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்

பதில்: ஓடு ஒரு கதை, மண்ணுல புதைஞ்சு கிடைச்ச காசும் சிலையும் வேற கதை. 1878ம் வருஷத்து புதையல் சட்டம் இன்னும் இருக்கு. மண்ணுக்குள்ள மறைஞ்சு கிடைச்ச பொருள் 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு தெரியப்படுத்தணும். அந்தக் காலத்து 10 ரூபாய், மாத்தாமயே வச்சிருக்காங்க, அதனால இன்னைக்கு எது கிடைச்சாலும் அதுக்குள்ள வந்துரும்னு வச்சுக்கோங்க. சிலையோ காசோ வந்த அன்னைக்கே விஏஓ இல்ல தாசில்தார்கிட்ட எழுத்துல குடுத்துட்டு ரசீது வாங்குங்க, பையன் பேரும் அதுல கண்டுபிடிச்சவன்னு வரட்டும். ஸ்கூல் பீரோல ஒரு ராத்திரி கூட வைக்காதீங்க.

மேல்மண்ணுல கிடக்குற ஓட்டுச் சில்லுக்கு, தொல்லியல் துறைக்கு தகவல் சொல்லிட்டு, அவங்க சரின்னா காட்சிக்கு வைங்க. ஆனா எங்க எடுத்தான்னு எழுதாத ஓடு வெறும் ஓடுதான். எந்த வயல், யாரு நிலம், எந்த ஆழம், கூட என்ன கிடந்துச்சு, தேதி. பசங்களுக்கு கண்டிப்பா சொல்ல வேண்டியது தோண்டாதேன்னு. வயல்ல தாழி (செத்தவங்கள புதைச்ச பெரிய பானை) வாய் தெரிஞ்சுதுன்னா போட்டோ எடுத்துட்டு மண்ண மூடிட்டு தகவல் சொல்லு, அவ்ளோதான். பயிற்சில இத ஒரு மணி நேரம் செஞ்சு காட்டணும், ஸ்கேல் வச்சு எப்படி படம் எடுக்குறது, லேபிள் எப்படி எழுதுறதுன்னு. யாரும் செய்றதில்ல, மியூசியம் வைங்கன்னு மட்டும் சொல்லிட்டு போயிடுறாங்க.

உங்க மாவட்டத்துக்காரங்களுக்கு நான் கீழடி கதை சொல்லணுமா. 1970கள்ல அங்க கிணறு வெட்டுனப்ப வெளிய வந்த பொருள பசங்க பாத்துட்டு கொண்டாந்து குடுத்ததும், அவங்க வரலாற்று வாத்தியார் அத தொல்லியல் துறைக்கு தகவல் சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். மத்திய தொல்லியல் துறை அங்க அகழாய்வு ஆரம்பிச்சது 2015ல. 2019ல மாநிலத் துறை அறிக்கை வந்துச்சு, கி.மு. 6ம் நூற்றாண்டு வரைக்கும் போகுதுன்னு. நடுவுல சுமார் 40 வருஷம். தகவல் குடுத்த அன்னைக்கே ஜேசிபி வந்துரும்னு எதிர்பாக்காதீங்க, கடிதத்தோட காப்பிய மட்டும் பத்திரமா வச்சுக்கோங்க.

கேள்வி: உள்ளூர் வரலாறுன்னாலே ஜாதி வந்து நிக்குது சார். இந்த ராஜா எங்க ஆளு, இந்தக் கோயில் எங்க முன்னோர் கட்டுனதுன்னு பேரண்ட்ஸ் ஸ்கூலுக்கே வந்து சண்டை போடுறாங்க. பயிற்சில இத பத்தி கேட்டா ரிசோர்ஸ் பர்சன் பேச்ச மாத்திட்டாரு. நாங்க என்ன பண்றது?
பேர் வேண்டாம், தென் மாவட்டம்

பதில்: பேச்ச மாத்துனவர குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் வேலை போயிரக் கூடாதுல்ல. ஆனா பயிற்சியில பேச வேண்டிய முதல் விஷயமே இதுதான், ஏன்னா கிளாஸ்ல பசங்க முன்னாடி மொத தடவையா இத சந்திக்கிறத விட சக டீச்சர்ஸ் முன்னாடி சந்திச்சு பழகுறது எவ்வளவோ மேல்.

நீங்க தீர்ப்பு சொல்லாதீங்க. போர்டுல நாலு கட்டம் போடுங்க: என்ன சொல்றாங்க, அதுக்கு ஆதாரம் என்ன, அந்த ஆதாரம் எந்த வருஷத்துது, அத எழுதச் சொன்னது யாரு. வர்ற ஒவ்வொரு உரிமைக் கோரிக்கையும் இந்தக் கட்டத்துக்குள்ள போடுங்க, எந்த ஜாதியா இருந்தாலும் அதே நாலு கட்டம். பாதி கோரிக்கை ரெண்டாவது கட்டத்துலயே நின்னுரும். மீதில நிறைய 19ம் நூற்றாண்டுக் கடைசி, 20ம் நூற்றாண்டு ஆரம்பத்துல போயி நிக்கும். அப்பதான் 1871லருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை சென்சஸ் எடுத்து ஜாதிய வரிசைப்படுத்துனாங்க, சங்கங்கள் உருவாச்சு, எங்க பேர மாத்துங்க எங்களுக்கு இந்தப் பட்டம் உண்டுன்னு சர்க்காருக்கு மனு போச்சு. இதுல கேலி பண்ண ஒண்ணும் இல்ல, அவமானப்பட்டுக் கிடந்தவன் ஒரு கௌரவமான பழங்கதை தேடுனது நியாயமான காரணத்துக்காகத்தான், அந்த தேடலே ஒரு உள்ளூர் வரலாறு. பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுல இன்னைக்கு இருக்குற ஜாதிப் பேர அப்படியே தேடுறதுதான் வம்பு.

பயிற்சில முதல் உதாரணத்துக்கு உங்க ஊர் சண்டைய எடுக்காதீங்க, யாருக்கும் வலிக்காத தூரத்துலருந்து எடுங்க. உத்திரமேரூர் நல்லது. குடவோலை முறை, உலகத்துக்கே நாமதான் ஓட்டு சொல்லிக் குடுத்தோம்னு மேடைக்கு மேடை பேசுற விஷயம். முதலாம் பராந்தகன் காலத்து கல்வெட்டு, 919லயும் 921லயும். 921 கல்வெட்ட வாசிக்கக் குடுங்க. 30 குடும்பு (இன்னைக்கு வார்டு மாதிரி), குடத்துல ஓலை போட்டு ஒரு சின்னப் பையன விட்டு எடுக்கச் சொல்லணும், கணக்கு காட்டாதவனும் அவன் சொந்தக்காரங்களும் நிக்கக் கூடாது, இதெல்லாம் கேக்கவே அழகா இருக்கும். அதே கல்லுல தகுதியும் எழுதிருக்கு. கால் வேலிக்கு (வேலிங்கிறது பழைய நில அளவு) மேல வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு, 35லருந்து 70க்குள்ள வயசு, வேதம் தெரிஞ்சிருக்கணும். அது பிராமண ஊர்ச் சபை. இத முழுசா படிச்ச டீச்சருக்கு பெருமையும் சொல்ல வரும், வெளிய நின்னவங்களப் பத்தியும் சொல்ல வரும், ரெண்டுல ஒண்ண மறைக்கத் தேவையில்ல. இந்தப் பழக்கம் வந்தப்புறம் உங்க ஊர் விஷயத்துக்கு வாங்க. பேரண்ட்ஸ் வந்தா உக்கார வச்சு டீ குடுத்து அதே நாலு கட்டத்த நீட்டுங்க, உங்ககிட்ட செப்பேடு, ஓலை, பத்திரம் எது இருந்தாலும் கொண்டாங்க, பசங்க படிக்கட்டும்னு சொல்லுங்க. ஹெச்எம் கூட இருக்கட்டும், தனியா பேசாதீங்க.

கேள்வி: நான் கணக்கு டீச்சர், இந்தப் பயிற்சிக்கெல்லாம் நான் வரலாமா, இல்ல சோஷியல் சயின்ஸ்காரங்களுக்கு மட்டும்தானா?
திருச்சி

பதில்: நீங்க வரலன்னா அவங்கதான் திண்டாடுவாங்க மேடம். நிலக் கல்வெட்டு முழுக்க பின்னம். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, அப்புறம் கீழ கீழ காணி, முந்திரின்னு 320ல ஒரு பங்கு வரைக்கும், அந்த முந்திரியையும் 320ஆ வகுத்து கீழ்முந்திரி. சோஷியல் டீச்சருக்கு அங்கயே தலை சுத்திரும். சில கோயில் சுவர்ல நிலம் அளந்த கோலோட நீளத்தையே கோடா வெட்டி வச்சிருப்பாங்க, டேப் எடுத்துட்டுப் போயி அளந்து பாருங்க, ஏழாங்கிளாஸ் பசங்களுக்கு அதுல ஒரு வாரப் பாடம் இருக்கு.

கேள்வி: சர்டிபிகேட் உண்டா? முறையா கல்வெட்டு படிக்க எங்க போகணும்?
பலர்

பதில்: சர்டிபிகேட்டுக்காக வர்றவங்க தயவுசெஞ்சு பின்னாடி சீட்ல உக்காருங்க. முறையா படிக்கணும்னா தமிழ்நாடு தொல்லியல் துறையே டிப்ளமோ நடத்துது, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல கல்வெட்டியல் துறை இருக்கு. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில தொன்மைப் பாதுகாப்பு மன்றம்னு வச்சு பசங்களே கல்வெட்டு படிக்கிற அளவுக்கு போயிருக்காங்க, முடிஞ்சா ஒரு நாள் போயி பாத்துட்டு வாங்க.

கேள்வி: பயிற்சி முடிஞ்சதும் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம். இப்ப அதுல குட் மார்னிங்கும் ராசிபலனும்தான் வருது. காப்பாத்த வழி உண்டா?
ஆசிரியர் பயிற்றுநர், ஈரோடு

பதில்: குரூப்ப அட்மின் மட்டும் போடுற மாதிரி மாத்துங்க. மாசத்துக்கு ஒரு ஸ்கூல்னு முறை வைங்க, அந்த ஸ்கூல் டீச்சர் தன் ஊர்லருந்து ஒரே ஒரு பொருள், ஒரு நடுகல், ஒரு பழைய பத்திரம், ஒரு பாட்டி சொன்னது, எதுவா இருந்தாலும் படத்தோட உங்களுக்கு அனுப்பட்டும். நீங்க அத குரூப்ல போட்டு அஞ்சு நாள் மட்டும் எல்லாரும் பேசுற மாதிரி திறந்து விடுங்க, கேள்வி வரட்டும், எழுத்த படிக்க முயற்சி பண்ணட்டும், அப்புறம் திரும்ப பூட்டிருங்க. யாரும் ஒண்ணும் போடாத மாசத்துக்கு நீங்களே ஒண்ண கைவசம் வச்சுக்கோங்க. ராசிபலன் போடுறவர மட்டும் அடுத்த மாச முறைக்கு பேரு குடுத்துருங்க.